கபடி ஆடட்டும், தலை பத்திரம்



பொங்கல் வந்தாலும் சரி, மாசி பங்குனியில் சாமி கும்பிட்டாலும் சரி, நம்ம குஜிலியம்பாறைப் பக்கம் கபடிப் போட்டி இல்லாமல் திருவிழா முடியாது. டியூப் லைட் கட்டி, மைக் செட் போட்டு, விடிய விடிய நடக்கும். ஆம்பளைகள் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். நாம் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டு, மைக்கில் நம்ம பையன் பெயர் வருதா என்று காது கொடுத்துக் கேட்போம். பெயர் வந்தால் சந்தோஷம். அவன் எப்படி விழுந்தான், எத்தனை தடவை விழுந்தான் என்பது மைக்கில் வராது.

ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார். "மேடம், எம் மகன் ஏழாவது படிக்கிறான். போன வாரம் கபடியில மண்டையில அடிபட்டு வந்தான். வீக்கம் இல்ல, ரத்தம் இல்ல. ஆனா ரெண்டு நாளா வெளிச்சத்தப் பாத்தா கண்ணு கூசுதுங்கிறான், கணக்குப் போட உக்காந்தா தலை வலிக்குதுங்கிறான். பள்ளிக்கூடம் போகாம இருக்கப் பாசாங்கு பண்றானோ?" பக்கத்தில் இருந்தவர்களும், "ஆமா, எம் பயலும் ஒரு நாள் இப்பிடித்தான் சொன்னான், நாந்தான் வஞ்சு அனுப்பிச்சேன்" என்றார்கள்.

அது பாசாங்கு இல்லை. அதற்கு மூளை அதிர்ச்சி என்று பெயர். இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மண்டைக்குள்ள என்ன நடக்குது?

தூக்குவாளியில் தயிர் ஊற்றி வண்டியில் மாட்டிக்கொண்டு போகிறோம். திடீரென்று பிரேக் பிடித்தால் என்ன ஆகும்? வாளிக்கு ஒரு கீறல்கூட இருக்காது. உள்ளே தயிர் முன்னால் போய் இடித்து, பின்னால் வந்து இடித்து, உடைந்து போயிருக்கும். மூளையும் அப்படித்தான். மண்டை ஓட்டுக்குள் நீரில் மிதக்கிற கட்டித் தயிர் மாதிரி மெத்தென்ற பொருள் அது. வேகமாக ஓடுகிற பையனை நாலு பேர் பிடித்துத் தரையில் அடித்தால், தலை சட்டென்று நிற்கும், மூளை நிற்காது. உள்ளே ஆடும், முறுகும். மூளைக்குள் தகவல் கொண்டுபோகிற நரம்பு இழைகள் நூல் மாதிரி மெல்லியவை. அவை இழுபட்டு, கொஞ்ச நாளைக்கு வேலை தடுமாறிப் போகிறது. தலையில் நேரடியாக அடி விழ வேண்டும் என்றுகூட இல்லை. நெஞ்சில் முட்டி, தலை வெடுக்கென்று ஆடினாலும் போதும்.

இதில் இரண்டு விஷயங்களை நாம் தப்பாகவே நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஒன்று, மயக்கம் போட்டு விழுந்தால்தான் பெரிய அடி என்பது. மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் சுமாராக நினைவு தப்புகிறது. மற்ற ஒன்பது பேரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடியும் கோட்டுக்குள் போய் நிற்பார்கள். இரண்டாவது, "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்பது. ஸ்கேன் பார்ப்பது ரத்தக் கசிவு இருக்கா, எலும்பு உடைஞ்சிருக்கா என்பதை. நரம்பு இழை இழுபட்டது சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நன்றாக இருந்தாலும் பிள்ளைக்கு ஓய்வு வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏன் கூடுதல் தொல்லை? உடம்புக்குத் தலை பெரிது, அதைத் தாங்குகிற கழுத்து இன்னும் பலப்படவில்லை. நரம்பு இழைகளைச் சுற்றி வயரின் மேல் ரப்பர் உறை மாதிரி ஒரு உறை உண்டு. அது சின்ன வயதில் முழுசாக மூடியிருக்காது. மூளை வளர்ந்து முடிய இருபது வயதுக்கு மேல் ஆகும். அதனால்தான் பெரியவர்களுக்கு இரண்டு வாரத்தில் சரியாவது, பிள்ளைகளுக்கு நாலு வாரம்வரை இழுக்கிறது.

அமெரிக்காவில் என்ன கண்டுபிடித்தார்கள்?

நம்ம ஊர் பெரியவர்களுக்கு முகமது அலியை நினைவிருக்கும். 1980-ல் சென்னைக்கு வந்து கண்காட்சிக் குத்துச்சண்டை போட்டார். முதலமைச்சராக இருந்த எம்.ஜி.ஆர். அவரை வரவேற்றார். அலி குத்துச்சண்டை கற்க ஆரம்பித்தது 12 வயதில். 1981-ல் ஓய்வு பெற்றார். 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள். கை நடுங்கி, பேச்சுக் குழறி, 2016-ல் இறந்தார். குத்துச்சண்டையால்தான் வந்தது என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆனால் தலையில் அடி வாங்கி வாங்கியே குடிகாரர் மாதிரித் தள்ளாடுகிற குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி 1928-லேயே மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவிட்டார்.

அதன்பிறகு ரொம்ப காலம் இது குத்துச்சண்டைக்காரர்களின் நோய் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் புட்பால் என்று ஒரு விளையாட்டு. நம்ம கால்பந்து இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் முட்டி மோதிச் சாய்ப்பது. நம்ம கபடியில் பாடி வருபவனைப் பிடித்துக் கவிழ்ப்பதற்குக் கிட்டத்தட்டச் சொந்தம். அந்த ஆட்டத்தில் பெரிய பெயர் வாங்கிய மைக் வெப்ஸ்டர் கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பி, வண்டியில் படுத்துக் கிடந்து, 2002-ல் 50 வயதில் இறந்தார். நைஜீரியாவிலிருந்து போய் அங்கே வேலை பார்த்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அவர் மூளையை வெட்டி எடுத்துப் பரிசோதித்தார். டௌ என்கிற ஒரு புரதம் மூளைக்குள் கறை மாதிரிப் படிந்திருந்தது. திரும்பத் திரும்ப அடிபட்ட மூளையில் வருகிற நோய் இது. இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். உயிரோடு இருக்கும்போது தெரிவதெல்லாம் மறதி, எதுக்கெடுத்தாலும் கோபம், மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை. வீட்டில் இருப்பவர்கள் "குணம் மாறிப் போச்சு" என்பார்கள்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் இப்படி இறந்த ஆட்டக்காரர்களின் மூளையைக் குடும்பத்தாரிடம் தானமாக வாங்கி வைத்து ஆராய்கிறார்கள். 2018-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு ஒன்றில் 246 பேருடைய கதையைப் பார்த்தார்கள். 12 வயதுக்கு முன்னால் ஆட ஆரம்பித்தவர்களுக்கு, 12-க்குப் பிறகு ஆரம்பித்தவர்களை விட, மறதியும் தடுமாற்றமும் சுமார் 13 வருஷம் முன்கூட்டியே வந்திருந்தது. 13 வருஷம் என்றால் யோசித்துப் பாருங்கள். 60 வயதில் வர வேண்டியது 47-ல் வந்துவிடுகிறது. மகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயது. 2019-ல் இன்னொரு ஆய்வு, எத்தனை வருஷம் ஆடினார்கள் என்று கணக்குப் பார்த்தது. ஒவ்வொரு வருஷம் கூடும்போதும் அந்த நோய் இருப்பதற்கான வாய்ப்பு 30 சதவீதம் கூடியது. 2023-ல், 30 வயது ஆவதற்கு முன்னால் இறந்துபோன 152 ஆட்டக்காரர்களின் மூளையைப் பார்த்ததில் 63 பேருக்கு அந்தக் கறை இருந்தது. அதில் பலர் பள்ளி, கல்லூரியோடு நிறுத்திக்கொண்ட மாணவர்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயமுறுத்தியது மாதிரி ஆகிவிடும். மூளையைத் தானம் கொடுத்தவர்கள் ஏற்கெனவே பிள்ளையிடம் ஏதோ கோளாறு பார்த்த குடும்பங்கள். அதனால் ஆடுகிற எல்லாருக்கும் பாதிக்குப் பாதி வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விஸ்கான்சின் என்ற மாநிலத்தில் 1957-ல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களை 65 வயதுவாக்கில் சோதித்தபோது, பள்ளியில் புட்பால் ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் ஞாபக சக்தியில் வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது. சின்ன வயதில் ஆரம்பிப்பதுதான் குற்றமா, இல்லை நிறைய வருஷம் அடி வாங்குவதா என்று டாக்டர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. என் புத்திக்கு எட்டியவரை இரண்டும் ஒன்றுதான். பத்து வயதில் ஆரம்பித்தவன் கணக்கில்தானே அடி அதிகம் சேரும்? வட்டிக்கு வட்டி சேருவது நமக்குத் தெரியாததா?

இந்த விவாதம் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2015-ல், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்றது. 2020-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அதை நிறுத்தின. விளையாட்டை யாரும் நிறுத்தவில்லை. முட்டலை மட்டும் தள்ளிப் போட்டார்கள்.

நம்ம கபடிக்கு வருவோம்

அமெரிக்கக் கணக்கை அப்படியே கபடிக்குப் போட முடியாது. அவர்கள் வேகம் வேறு, எடை வேறு. ஆனால் அவர்களுக்குத் தலையில் கவசம் உண்டு, புல்தரை உண்டு. நம்ம பிள்ளைகளுக்கு வெறுந்தலை, சரளை கலந்த செம்மண். பாடிப் போகிறவனின் கணுக்காலைப் பிடித்து இழுத்தால் அவன் கையை ஊன்றுவதற்குள் தலை தரையில் மோதும். பிடிக்கப் போகிறவன் குனிந்து தலையைக் கொடுத்தால் எதிராளியின் முழங்கால் நெற்றிப்பொட்டில் இடிக்கும். இரண்டு பேர் கை கோத்துப் பாயும்போது தங்களுக்குள்ளேயே தலை முட்டிக்கொள்வதும் உண்டு.

பழனிப் பக்கத்துக் கதையாக 2009-ல் வந்த வெண்ணிலா கபடிக்குழு படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் கதாநாயகன் செத்துப் போவதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில் நிஜமாகவே நடந்தது. 22 வயதுக் கல்லூரி மாணவர், பாடிப் போன இடத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. செல்போனில் எடுத்த அந்தக் காட்சி ஊர் ஊராகச் சுற்றியது. இப்படிச் சாவு விழுந்தால் பேப்பரில் வரும், நாலு நாள் பேசுவோம். மெதுவாக வருவது பேப்பரில் வராது. ஒன்பதாவதில் திடீரென்று மார்க் குறைவதும், நல்லா இருந்த பையன் எரிந்து விழுவதும் யார் கணக்கில் வருகிறது? "சேர்க்கை சரியில்ல" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எல்லாமே அடியினால் என்று நான் சொல்லவில்லை. அதையும் ஒரு தடவை கேளுங்கள் என்கிறேன்.

களப்பணிக்குப் போகிற ஊர்களில் எனக்குப் பெரிய கவலை, வயது பார்க்காமல் ஆட விடுவது. ஆள் குறைகிறது என்று ஏழாவது, எட்டாவது படிக்கிற பையனைப் பெரிய டீமில் இறக்கிவிடுகிறார்கள். 35 கிலோ பையனை 75 கிலோ ஆள் தூக்கிப் போடுகிறார். கூட்டம் விசில் அடிக்கிறது. பையனுக்கும் பெருமை. விழுந்து கிடந்தால் முகத்தில் தண்ணீர் அடித்து, சோடா கொடுத்து, "ஒண்ணும் ஆகாது, எந்திரிடா" என்று கோட்டுக்குள் தள்ளுகிறார்கள்.

இந்தக் கடைசிக் காரியம்தான் உயிருக்கு ஆபத்து. முதல் அடியில் அதிர்ந்த மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும் மூளை திடீரென்று வீங்கிவிடலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை, அதுவும் வருவது அதிகம் சின்ன வயதுக்காரர்களுக்கு. வட அயர்லாந்தில் 2011 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவன் பள்ளி ரக்பி ஆட்டத்தில் ஒரே ஆட்டத்தில் பல தடவை அடிபட்டும் தொடர்ந்து ஆடினான். ஆட்டம் முடிகிற நேரத்தில் சுருண்டு விழுந்தான். இரண்டு நாளில் இறந்துவிட்டான். அவனுடைய தாய் அன்று மைதான ஓரத்தில்தான் நின்றிருந்தார். காரணம் இரண்டாவது அடிதான் என்று 2013-ல் விசாரணையில் தீர்ப்பானது. அவன் குடும்பமும் மற்றவர்களும் விடாமல் அலைந்து, "சந்தேகம் என்றாலே வெளியே உட்கார வை" என்பதை அந்த நாட்டில் எல்லா விளையாட்டுக்கும் பொது வழிமுறையாக்க வைத்தார்கள்.

அடிபட்டு வந்தால் என்ன செய்யணும்?

அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. யார் சொன்னாலும் திரும்ப இறக்கக் கூடாது. "இன்னும் அஞ்சு நிமிஷம்தான், ஃபைனல்" என்பார்கள். முடியாது என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு.

மைதானத்திலேயே சில கேள்வி கேட்கலாம். இப்ப யாரோட ஆட்டம், ஸ்கோர் என்ன, காலையில் என்ன சாப்பிட்டே? பதில் குழம்பினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தள்ளாடினாலோ, மூளை அதிர்ச்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் சத்தம் ஆகாமை, மந்தமாக இருத்தல், தூக்கம் கெடுதல், காரணமில்லாத அழுகை, இவை அன்றைக்கே வரலாம், மறுநாளும் வரலாம்.

கீழே சொல்வது வந்தால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்: திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி, வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிதல், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் மாதிரி வடிதல், ஒரு கை கால் இழுத்துக்கொள்ளுதல், பேச்சுக் குழறல், எழுப்பினால் எழாத தூக்கம். கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், அசைக்காமல் படுக்க வையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஆம்புலன்ஸ் என்றால் வழியிலேயே கவனிப்பார்கள். ஸ்கேன் வசதி உள்ள திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எரியோடு வழியாகப் போய்ச் சேர நேரம் ஆகும், அதைக் கணக்கில் வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். மண்டைக்குள் ரத்தக் குழாய் கிழிந்திருந்தால், முதலில் கொஞ்ச நேரம் பையன் நன்றாகவே இருப்பான். பேசுவான், சாப்பிடுவான். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் மயங்குவான். அதனால் முதல் 24 மணி நேரம் தனியே விடாமல் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி மாத்திரை வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. செல்போன், டி.வி. குறையுங்கள். முன்னால் இருட்டறையில் வாரக் கணக்கில் படுக்க வைக்கச் சொன்னார்கள், இப்போது அப்படிச் சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து மெதுவாக நடக்கலாம். பள்ளிக்கூடம் முதலில், விளையாட்டு பிறகு. வகுப்பு வாத்தியாரிடம் விவரத்தைச் சொல்லிவிடுங்கள். சும்மா இருக்கிறான் என்று அடி விழக் கூடாது. பிறகு ஓட்டம், பிறகு தனிப் பயிற்சி, எல்லாம் தொந்தரவு இல்லாமல் போனால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் பிடித்து ஆடுகிற ஆட்டம். அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் என்று இங்கிலாந்தில் வைத்திருக்கிறார்கள். நாமும் மூன்று வாரம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒன்று. தலையில் அடி மைதானத்தில் மட்டுமா விழுகிறது? குடித்துவிட்டு வந்து முடியைப் பிடித்துச் சுவரில் மோதுகிற வீடுகள் நம் குழுக்களிலும் இருக்கின்றன. மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்கும் பொருந்தும். மறதி, தலைசுற்றல், கோபம் என்று வந்தால் டாக்டரிடம் தலையில் அடிபட்டதைச் சொல்லுங்கள், கீழே விழுந்துட்டேன் என்று மறைக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் கபடி?

"பாத்தியா, அதான் அப்பவே சொன்னேன்" என்று இந்தக் கட்டுரையைக் காட்டி மகளை வீட்டில் உட்கார வைக்க யாரும் நினைக்க வேண்டாம். சென்னை கண்ணகி நகரிலிருந்து போன கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. பையன்கள் அணியும் தங்கம் வென்றது, அதில் ஆடிய வடுவூர் அபினேஷுக்கும் பரிசு கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியும் வேலையும் கிடைக்கிற வீடுகள் உண்டு. ஓடியாடுகிற பிள்ளைக்கு உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழுத்துப் பலம் குறைவு என்பதால் கழுத்து, தோளுக்கு உடற்பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆட விடாதே என்பதற்கும் பார்த்து ஆட விடு என்பதற்கும் ரொம்ப தூரம்.

பார்த்து ஆட விடுவது என்றால், ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் காலடி, மூச்சு, தொட்டுவிட்டுத் தப்பிப்பது இதெல்லாம் போதும். பிடித்துக் கவிழ்ப்பதைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு, விழுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கலாம். பிடிக்கும்போது தலையைக் கீழே கொடுக்காமல் பக்கவாட்டில் வைக்கத் தெரிய வேண்டும். அடி அதிகம் சேருவது வருஷத்துக்கு இரண்டு போட்டியில் இல்லை, தினமும் சாயங்காலம் நடக்கிற பயிற்சியில்தான். அங்கே தினமும் முழுப் பிடி வேண்டியதில்லை என்று பி.டி. சாரிடம் பேசலாம். நிறையப் பேர் கேட்டுக்கொள்வார்கள், தனி ஆளாகப் போகாமல் நாலு அம்மாக்களாகப் போனால் இன்னும் நன்றாகக் கேட்டுக்கொள்வார்கள்.

ஊர்ப் போட்டிக்கும் இதே வழிதான். திருவிழாவுக்கு வீட்டு வரி கொடுப்பது பாதி நம்ம கைக்காசு. அதனால் விழாக் கமிட்டியிடம் குழுவாகப் போய்க் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஆட்டம், எடை பார்த்து ஜோடி சேர்ப்பது. ஆட்டத்துக்கு முன்னால் டிராக்டரில் ஒரு ஓட்டு ஓட்டி, கல் பொறுக்கி, மணல் போடுவது. டிராக்டர் வாடகையும் ரெண்டு லோடு மணலும் பரிசுத் தொகைக்கு முன்னால் எழுத வேண்டிய செலவு. தலையில் அடிபட்டவர் அன்றைக்கு ஆட மாட்டார் என்பதை ஆட்டம் துவங்கும்போதே மைக்கில் அறிவித்துவிட்டால், நடுவில் சண்டை வராது. கிராம சுகாதார செவிலியருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்லது.

அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் இதை வாசித்துக் காட்டுங்கள். எந்தெந்த வீட்டில் கபடி, குத்துச்சண்டை, கால்பந்து ஆடுகிற பிள்ளை இருக்கிறது என்று பெயர் எழுதி, உங்கள் ஊர்ப் போட்டிக்கு முன்னால் கமிட்டியிடம் யார் யார் போவது என்பதைத் தீர்மான நோட்டில் பதிந்து, ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். எந்த ஊரில் கமிட்டியோடு பேசக் கூட வர வேண்டும் என்றாலும் சொல்லுங்கள், வருகிறேன்.